தோற்றுப் பழக இடமில்லாத ஆட்டம்

தம்பிக்கு,

வாசுகியின் கலியாணத்துக்கு நீ வரக்கூடாது. சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இதை வாசித்ததும் கடிதத்தை மேசையில் எறிந்துவிட்டுத் தொலைபேசியை எடுத்து என்னோடு சண்டைக்கு வருவாய் என்று தெரியும். உன் அப்பாவின் இரத்தம் அப்படி. தயவுசெய்து அதைச் செய்யாதே. இதில் எழுதுகிற ஒன்றையும் தொலைபேசியில் கதைக்க முடியாது. அதனால்தான், கீழ்வீட்டுப் பல் டாக்டரின் மனைவி மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க லண்டனுக்குப் போகிறாள் என்று அறிந்ததும், அவளுடைய பெட்டிக்குள் மிளகாய்த்தூள் பொதியோடு சேர்த்துவிட இதை எழுதுகிறேன். அங்கே போய்த் தபாலில் போடுவாள். கடிதத்தில் தூள் மணந்தால் குறை நினைக்காதே.

நீ அனுப்பிய நீண்ட மின்னஞ்சலை வாசுகி கொம்பியூட்டர் கடையில் வாசித்துவிட்டு வந்து எனக்கு வரிக்கு வரி சொன்னாள். அச்சடித்துக்கொண்டு வர அவளுக்குப் பயம். அப்பாவின் செத்தவீட்டுக்குத்தான் வரவிடவில்லை, இருக்கிற ஒரே தங்கச்சியின் கலியாணத்துக்கும் மறிக்கிறீர்களா என்று கேட்டிருந்தாய். மாப்பிள்ளையின் காலைக் கழுவி மண்டபத்துக்குள் கூட்டிவரச் சொந்தத் தமையன் நான் இருக்க, வேறு எவனோ தோழனாய் நிற்பதா என்று கேட்டிருந்தாய். கேட்டது நியாயம். வாசுகி அதைச் சொல்லும்போது நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நீ எழுதியதுதான் என்னைப் பயப்படுத்தியது. விமான நிலையத்தில் என்ன கேட்பார்கள், நீ என்ன சொல்வாய், எந்த ஹோட்டலில் தங்குவாய், காலி வீதியில் மறித்தால் எந்தக் கடவுச்சீட்டைக் காட்டுவாய், சிங்களத்தில் எப்படிச் சிரித்துக் கதைப்பாய் என்று எல்லாவற்றையும் அழகாக ஒழுங்குபண்ணி எழுதியிருந்தாய். "எல்லாம் யோசிச்சாச்சு அம்மா. நான் உங்கை வளந்தனான். எனக்குத் தெரியாததே?" என்று முடித்திருந்தாய்.

அறிவுரை உனக்குப் பிடிக்காது, சின்ன வயதிலும் பிடிக்காது. ஆகவே உன் தொழிலை வைத்தே கதைக்கிறேன். நீ இன்றைக்கு அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் மெஷின்களுக்கு விளையாட்டுப் படிப்பிக்கிறாய். ஆனால் அந்தப் படிப்பு தொடங்கினது வெள்ளவத்தையில், எங்கள் ஹோலில், என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில். கடைசி வருடப் படிப்புக்கென்று நீ கொம்பியூட்டருக்கு முன்னூற்றி நாலு விளையாடப் பழக்கியதை நான் மறக்கவில்லை. எந்த விளையாட்டும் கிடைக்காமல் சீட்டாட்டமா என்று உன் அப்பா பரிகசித்தார். பிறகு அவர்தான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் இருந்தார்.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் முன்னூற்றி நாலுதான். கொட்டாஞ்சேனையிலிருந்து அல்பிரட் அங்கிள் பூசை முடிந்த கையோடு, மார்க்கெட்டில் வாங்கின மீனையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார். துறைமுகத்தில் உன் அப்பாவோடு ஒன்றாக வேலை செய்த மனிதர். அவரும் நானும் ஒரு பக்கம், நீயும் அப்பாவும் மறுபக்கம். முதல் நாலு சீட்டைக் கையில் எடுத்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்தே அவரிடம் வீரன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். முப்பது புள்ளிச் சீட்டை வைத்துக்கொண்டு முகத்தை மறைக்கத் தெரியாத மனுஷன். அல்பிரட் அங்கிளோ எதைக் கையில் வைத்திருந்தாலும் ஒரே முகம். வெளியில் சோதனை, ரயிலில் குண்டு, அடுத்த ஒழுங்கையில் சுற்றிவளைப்பு என்றிருந்த காலத்திலும் அந்த மேசையில் நாங்கள் சிரித்தோம் என்பதை நினைக்க இப்போது ஆச்சரியமாய் இருக்கிறது.

உன் மெஷின் முதல் நாள் விளையாடிய விளையாட்டைப் பார்த்து அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "இதென்னடா, வீரனைக் கொண்டுபோய்ச் சும்மா எறியுது! உன்ர மெஷினுக்கு உன்ர மாமன்ர மூளை" என்றார். என் அண்ணனை இழுக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. நீ கோபிக்கவில்லை. "விடுங்கோ அப்பா. அது தோத்துத் தோத்துத்தான் படிக்கும். நாளைக்குப் பாருங்கோ" என்றாய். நாலு கையையும் அது தானே எடுத்துத் தன்னோடு தானே விளையாடும் என்றும், வென்ற கையில் செய்ததை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் செய்யும், தோற்ற கையில் செய்ததைக் கொஞ்சம் குறைக்கும், இப்படி ஆயிரம் பதினாயிரம் என்று போகப்போகத் தேறிவிடும் என்றும் விளங்கப்படுத்தினாய். இத்தனை தரம் தோற்றால் அதற்கு நோகாதா என்று கேட்டேன். "நோகிறதுக்கு அதில என்னம்மா இருக்கு? பூச்சியம் எண்டு ஒரு இலக்கம் விழும், அவ்வளவுதான்." நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கேட்டு ஊசியை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. இந்த ஊரில் தோற்றவர்களுக்கு என்ன விழுகிறது என்று அப்போதே நினைத்தேன். ஆனால் உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம், சொல்ல மனம் வரவில்லை.

பிறகு அதற்கு ஒரு கெட்ட பழக்கம் பிடித்தது, ஞாபகமா? கையில் ஸ்பேட் எவ்வளவு நன்றாக விழுந்தாலும் அது ஏலம் கேட்காது, பதுங்கிவிடும். தொடக்கத்தில் ஸ்பேட்டைத் துரும்பாக வைத்து இரண்டு மூன்று தரம் மோசமாகத் தோற்றிருக்கிறது. அதன்பிறகு தொட்டதே இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்று சொன்னேன். "அதேதான் அம்மா. பயந்து ஒண்டைச் செய்யாமல் விட்டா, அந்தப் பயம் பிழை எண்டு அதுக்குக் கடைசி வரைக்கும் தெரிய வராது. அதால இடைக்கிடை வேணுமெண்டே ஒரு முட்டாள் வேலை செய்யவைக்கிறன்" என்றாய். அதுவும் சரிவராமல், கடைசியில் அதுவரை படித்ததை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாய். ஒரு விசையைத் தட்டினாய், அது மறுபடி குழந்தையாகிவிட்டது. எனக்கு அன்றைக்கு உன் மெஷின் மேல் கொஞ்சம் பொறாமை வந்தது, உண்மையாகவே.

ஏன் பொறாமை என்று இப்போது சொல்கிறேன். நான் வீட்டைவிட்டு இறங்கும்போது செய்கிற வேலைகளை நீ பார்த்து வளர்ந்தவன். படியிறங்க முன் பொட்டை அழிப்பேன். அடையாள அட்டையைப் பைக்குள் தேடவேண்டி வராதபடி கைக்கு எட்டும் இடத்தில் வைப்பேன். தமிழ்ப் பேப்பரைச் சிங்களப் பேப்பருக்குள் மடிப்பேன். பஸ்ஸில் வாய் திறக்கமாட்டேன். உன் சின்ன வயதில் நீ 'அப்பா' என்று கூப்பிட வாயெடுத்தால் கிள்ளுவேன். மார்க்கெட்டுக்குப் போய் மரக்கறியோடு பத்திரமாகத் திரும்பி வருவேன். இதில் எது என்னைக் காப்பாற்றியது? பொட்டா, பேப்பரா, வாயை மூடியதா, அல்லது அன்றைக்குச் சென்றியில் மறித்து நின்ற ஆமிப் பொடியனுக்கு வெயில் தாங்காமல் எல்லாரையும் போகவிட்டானா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒருநாள் பொட்டோடு போய்ப் பார்க்கவேண்டும். இடைக்கிடை ஒரு முட்டாள் வேலை செய்து பார்க்கிற வசதி உன் மெஷினுக்கு இருந்தது, எனக்கு இருக்கவில்லை. ஆகவே எல்லாவற்றையும் செய்தேன், இன்றும் செய்கிறேன். இப்போது படியிறங்கும்போது வலது காலை முதலில் வைப்பதும் அதில் சேர்ந்துவிட்டது. அதற்கும் சென்றிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே. வைக்காமல் விட எனக்குத் துணிவில்லை.

நீ புறப்பட்டுப் போனது சமாதான காலத்தில். அப்போது காலி வீதியில் மணல் மூட்டைகளை எடுத்திருந்தார்கள். விமான நிலையத்துக்கு நாங்கள் வான் பிடித்துப் பாட்டுப் போட்டுக்கொண்டு போனோம், எங்கும் மறிக்கவில்லை. உனக்குத் தெரிந்த கொழும்பு அதற்கு முந்தினது. மறிப்பார்கள், அட்டையைக் கேட்பார்கள், எங்கே போகிறாய் என்பார்கள், பதில் சரியென்றால் விடுவார்கள். அந்த ஆட்டம் முடிந்துவிட்டது, தம்பி. இப்போது மறிப்பவர்களைப் பற்றி எங்களுக்குப் பயமில்லை. மறிக்காதவர்களைப் பற்றித்தான் பயம். நம்பர் இல்லாத வான் ஒன்று பட்டப்பகலில் ஆளைத் தூக்க ஒழுங்கைக்குள் வரும். அதன் கதவு இழுபடுகிற சத்தத்துக்கு இந்தக் கட்டடத்தில் இருக்கிற எல்லாரும் செய்துகொண்டிருக்கிற வேலையை நிறுத்துவோம். பிறகு வான் போய்விட்டால் தேங்காய் துருவுகிற சத்தம் ஒவ்வொரு வீடாய்த் திரும்பக் கேட்கும். ஒருவரை ஒருவர் பல்கனியிலிருந்து பார்த்தும், யாரை என்று கேட்பதில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கு உன்னை வரவேண்டாம் என்று நான் அழுது மறித்தது அந்த மாதிரி ஒரு கிழமையில்தான். நீ அதை என் பிடிவாதம் என்று நினைத்தாய். இருக்கட்டும்.

அல்பிரட் அங்கிளைப் பற்றி உனக்கு நான் முழுவதும் சொல்லவில்லை. சுகமில்லை, வீட்டோடு இருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தேன். உனக்குத் தெரியும், இந்த ஊரில் எப்படி நடமாடவேண்டும் என்று நாங்கள் எல்லாரும் பார்த்துப் பழகியது அவரைத்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்தவர், சிங்களம் அவர் வாயில் சிங்களவரைவிடச் சுத்தமாக வரும். சென்றியைக் கண்டதும் கேட்கமுன்னம் அட்டையை எடுத்து நீட்டுவார், பொடியனிடம் "மல்லி, சாப்பிட்டாச்சா" என்று, சொந்தத் தம்பியைக் கூப்பிடுவது போல, சிங்களத்தில் கேட்பார், அவன் சிரிப்பான், இவர் போய்விடுவார். இத்தனை வருடமும் அந்த விளையாட்டில் அவரை வெல்ல ஆளில்லை. உன் அப்பாவே பஸ்ஸுக்குள் அவரைப் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பார்ப்பார், பாவம், வராது.

போன மழைக்காலத்தில் துறைமுகப் பக்கம் அவரை மறித்திருக்கிறார்கள். வழக்கம்போல் கேட்கமுன்னமே அட்டை. வழக்கம்போல் மல்லி, சாப்பாடு, சிரிப்பு. அங்கே நின்றவன் சிரிக்கவில்லையாம். கேட்கமுன்னம் ஏன் நீட்டுகிறாய், தமிழனுக்கு இவ்வளவு நல்ல சிங்களம் எதற்கு, யார் உன்னைப் பழக்கியது என்று கேட்டானாம். அங்கிள் இத்தனை வருடம் தேடித் தேடித் திருத்திய ஒவ்வொன்றும் அன்றைக்கு அவருக்கு எதிரான சாட்சியாய் நின்றது. நாங்கள் எங்களைத் திருத்திக்கொண்டிருந்த அதே காலத்தில் அவர்களும் மேசைக்கு மறுபக்கம் இருந்து பழகிக்கொண்டிருந்தார்கள் என்பது எங்கள் ஒருவருடைய புத்தியிலும் ஏறவில்லை.

அவரைக் கொண்டுபோய் வைத்திருந்து திரும்ப விட்டபிறகு நானும் வாசுகியும் பார்க்கப் போனோம். இடது கையைத் தூக்க முடியாமல் இருந்தார். நான் சீட்டுக்கட்டைக் கொண்டுபோயிருந்தேன், என்ன மடத்தனம் பார். அவர் அதை வாங்கிக் கட்டிலில் வைத்தார். பிறகு சொன்னார்: "ஏன் புடிச்சாங்கன்னும் தெரியாது, ஏன் உட்டாங்கன்னும் தெரியாது அக்கா. இதுல நான் என்னத்தப் படிக்கிறது?" அவருடைய மனைவி தேத்தண்ணியோடு வாசலில் நின்றுவிட்டாள். உன் மெஷினுக்குத் தோற்றால் பூச்சியம், வென்றால் ஒன்று என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்கு அதையும் சொல்வதில்லை. அன்றைக்குப் பிறகு அங்கிள் வீதிக்கு இறங்கவில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்கிறார்.

உன் மெஷினை நான் ஒருநாள் வென்றேனே, அதை மறந்துவிட்டாயா? அது நன்றாகத் தேறின பிறகு அப்பா தோற்றார், அங்கிள் தோற்றார், நீயே தோற்றாய். பெருமை தாங்காமல் என்னைக் கூப்பிட்டு இருத்தினாய். என் கையில் அன்று ஒன்றும் இல்லை, ஏழும் எட்டும்தான். நான் மேலே மேலே கேட்டேன். மெஷின் பயந்து ஒதுங்கியது, பிறகு தாறுமாறாக விளையாடித் தோற்றது. "அம்மா, கையில ஒண்டுமில்லாமல் ஏன் அப்பிடிக் கேட்டனீங்கள்?" என்று கத்தினாய். "அது அதுக்குத் தெரியாதே" என்றேன். "இப்பிடி ஒருத்தரும் கேக்கமாட்டினம் அம்மா!" "நான் கேட்டனான்." அப்பா கைதட்டினார். நீ தலையைச் சொறிந்துகொண்டு யோசித்துவிட்டு, அது தன்னோடு மட்டும் விளையாடிப் பழகினது, உங்களைப் போல ஒரு விசரியை அது கண்டதில்லை என்றாய். அதைக் கேட்டு நான் ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தேன்.

உன் மின்னஞ்சலை வாசுகி சொல்லச் சொல்ல எனக்கு அந்த நாள்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவன் இதைக் கேட்டால் நீ இதைச் சொல்வாய், அவன் அதைக் கேட்டால் நீ அதைக் காட்டுவாய் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குளிர் நாட்டு அறைக்குள் இருந்து நீயே மறிக்கிறவனாகவும் நீயே மறிபடுகிறவனாகவும் இருந்து எத்தனை கை விளையாடியிருப்பாய்! உன் தலைக்குள் நிற்கிற அந்த ஆமிக்காரன் உன்னைப் போலவே படித்தவன், உன்னைப் போலவே ஒழுங்காய்க் காரணம் பார்க்கிறவன். இங்கே வருகிறவன் கையில் ஒன்றுமில்லாமலே கேட்பான், தம்பி. நீ பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று உன் வெளிநாட்டுக் கடவுச்சீட்டிலும் அடித்திருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவன் வாசிக்கத் தேவையில்லை.

இவ்வளவும் உனக்குத் தெரிந்த மாதிரியானவைதான், இதற்கு மட்டும் நீ மசியமாட்டாய் என்றும் தெரியும். இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். இதை எழுதத்தான் பேனையை எடுத்தேன், இவ்வளவு தூரம் சுற்றிவிட்டேன்.

மேல்மாடி நல்லம்மா அக்காவிடம் ஒருமுறை வந்து பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். அவள் ஒளிவு மறைவில்லாத மனுஷி, மூத்தவன் சுவிஸில் என்று சொன்னாள். அங்கே என்ன செய்கிறான், யாருக்குக் காசு அனுப்புகிறான், அவன் உண்மையில் சுவிஸில்தானா அல்லது வன்னியில் இயக்கத்தோடா என்று தொடங்கி, அவளுடைய புருஷனை விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். இன்னும் விடவில்லை. நானும் இதைக் கேட்டேன், வாசுகியும் கேட்டாள். ஒரு வார்த்தையும் நாங்கள் அதைப் பற்றி எங்களுக்குள் கதைக்கவில்லை.

போன கிழமை காலையில் எங்கள் கதவைத் தட்டினார்கள். இரண்டு பேர். ஒருவர் சீருடையில் வந்த பொலிஸ்காரர், வயதானவர், மரியாதையான மனிதர், சப்பாத்தைக்கூடக் கழற்றப் பார்த்தார். மற்றவர் சாதாரண உடுப்பில், இளந்தாரி, கதவடியில் நின்றவர் வாய் திறக்கவில்லை. வீட்டில் யார் யார், எவ்வளவு காலம் என்று பொலிஸ்காரர் விசாரித்தார். கலியாண வீட்டுச் சாமான்களைப் பார்த்துவிட்டு யாருக்கு என்று கேட்டார், மகளுக்கு என்றேன், நல்லது நல்லது என்றார். பிறகு, வெறும் உபசாரத்துக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன், "லமய் கீ தெனெக்த அம்மே?" என்றார். பிள்ளைகள் எத்தனை என்று.

"எக துவய் விதரய்" என்றேன். ஒரு மகள் மட்டும்.

நான் யோசித்துச் சொல்லவில்லை, தம்பி. பயந்துகூடச் சொல்லவில்லை. அடுப்பில் கை பட்டால் கையை இழுப்போமே, அப்படி வந்தது. அவர் தலையாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார். அங்கே உன் பட்டமளிப்புப் படம், நீ நடுவில், பக்கத்தில் அரைத்தாவணியில் வாசுகி. இது யார் என்று கேட்டார். என் அண்ணனின் மகன் என்றேன். அப்போது வாசுகி தண்ணீர்ப் போத்தலோடு குசினியிலிருந்து வந்தாள். அவள் கண் சிமிட்டவில்லை. "ஓம், என் மச்சான்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே தண்ணீரை ஊற்றினாள். ஒருவரும் அவளிடம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒத்திகை இல்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பொலிஸ்காரர் சிரித்து, அப்படியானால் இவருக்கே கட்டிக் கொடுத்திருக்கலாமே, மாமன் மகன்தானே, எங்கள் ஆட்களிலும் அப்படிச் செய்வார்கள் என்றார். உன் தங்கச்சி வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்த வெட்கம் எவ்வளவு சரியாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ ஒளித்து ஓடினவன் இல்லை, புலமைப்பரிசில் எடுத்துப் போனவன். காட்ட எல்லாம் இருக்கிறது. அந்த வயதான மனிதர் கேட்டுக்கொண்டு போயிருப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நல்லம்மா அக்கா ஒரே ஒரு தரம் தோற்றதைப் பார்த்து நான் படித்த பாடம் அது, அதுவும் பிழையான பாடம். உன் மெஷின் ஸ்பேட்டைத் தொடாமல் விட்டது போலத்தான். வித்தியாசம் என்னவென்றால் இதை அழித்துவிட்டுத் தொடங்க எனக்கு விசை இல்லை. சொன்னது சொன்னதுதான்.

அவர்கள் இறங்கும்போது அந்த இளந்தாரி படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றான். உனக்கும் வாசுகிக்கும் அப்பாவின் காது, அந்த விரிந்த காது, ஒளிக்க முடியாதது. அவன் படத்தைப் பார்த்தான், வாசுகியைப் பார்த்தான். பிறகு முதல் தடவையாக வாய் திறந்தான். நல்ல தமிழ், எங்கள் ஊர்த் தமிழ்.

"கலியாணத்துக்கு மச்சான் வருவாரோ அம்மா?"

"இல்லைத் தம்பி. அவருக்கு லீவு இல்லை" என்றேன். அவனை நான் தம்பி என்று கூப்பிட்டேன். உன்னைக் கூப்பிடுகிற அதே வாய்.

இப்போது விளங்குகிறதா? நீ வந்தால், நீ என்ன பதில் பழகிக்கொண்டு வந்தாலும், முதல் பொய்க்காரியாக நான் நிற்பேன், இரண்டாவது பொய்க்காரியாக உன் தங்கச்சி நிற்பாள், இல்லாத மகன் ஒருவன் எங்கிருந்து வந்தான் என்பதற்கு நீ பதில் சொல்லவேண்டும். அதற்குச் சரியான பதில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. தெஹிவளைப் பெரியம்மாவின் மகன் தோழனாக நிற்பான். சொந்தக்காரர் எல்லாருக்கும் வீடு வீடாகப் போய்ச் சொல்லியாயிற்று, மண்டபத்தில் உன் பெயரை எடுக்கவேண்டாம் என்று. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. படத்தைக் கழற்ற நினைத்தேன், முடியாது. அவன் பார்த்த படம், திரும்ப வந்து அது எங்கே என்று கேட்டால்?

நேற்று வீட்டில் நானும் வாசுகியும் மட்டும்தான். கதவு பூட்டியிருந்தது, ஜன்னலும் பூட்டியிருந்தது, கடற்கரை ரயில் போகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. அவள் கதிரையில் ஏறிச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மச்சான்ர படத்தில எவ்வளவு தூசி பாருங்கோ அம்மா" என்றாள். சொல்லிவிட்டுத் துடைத்தாள். அவள் பகிடிக்குச் சொல்லவில்லை, தான் சொன்னதை அவள் கவனிக்கவும் இல்லை. நான் திருத்துவோமா என்று நினைத்தேன். கலியாணம் முடிகிற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் மெஷினுக்கு எத்தனை ஆயிரம் கை தேவைப்பட்டது. பிள்ளைக்கு ஒரு தரம் போதுமாய் இருந்தது.

கோபம் இருந்தால் என்னோடு வைத்துக்கொள், அவளோடு வேண்டாம். தாலி ஏறுகிற நேரம் இங்கே காலை, உனக்கு இருட்டாய் இருக்கும், படுத்துவிடாதே. மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுத் தொலைபேசிக்கு எடு. வீடு நிறைய ஆட்கள் நிற்பார்கள், யார் யார் என்று எனக்கே தெரியாது, இணைப்பில் யார் இருப்பார்கள் என்பதும் தெரியாது. எடுப்பது நானாகத்தான் இருக்கும். நான் ஹலோ என்றதும் நீ என்னை மாமி என்று கூப்பிடவேண்டும். இப்போதே இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார். முதலில் வாய் வராது, எனக்கும் வரவில்லை. பிறகு வரும்.